பார்க்கச் சொன்ன வரிசை: ஒரு விபத்து அறிக்கையை வாசித்தல்

1

விபத்து அறிக்கையை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. சிறுகதையைப் பிரித்துப் போட்டு அதன் மௌனங்களைத் தேடுகிறோம். சட்டத்தை வாசிக்கிறோம், பாடநூலை வாசிக்கிறோம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. இயந்திரம் உடைந்ததைப் பற்றிப் பொறியாளர்கள் எழுதியது என்றால் மட்டும், அது விஷயம் தெரிந்தவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். நாம் இப்படி ஒதுங்குவது அதிகாரத்துக்கு ரொம்பச் சௌகரியம். இன்றைக்கு ஒரு நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான மொழி முழுவதும் நாவல்களில் அல்ல, இந்த மாதிரி அறிக்கைகளில்தான் வடிவமைக்கப்படுகிறது.

நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1989 ஜூனில் முடித்த ஓர் அறிக்கையை. விபத்து அதற்கு முந்தைய வருஷம், 1988 ஏப்ரல் 28ஆம் தேதி, ஹவாய்த் தீவுகளில் நடந்தது. அலோஹா ஏர்லைன்ஸின் 243ஆம் எண் விமானம், ஒரு போயிங் 737-200, ஹீலோவிலிருந்து ஹொனலூலு போகக் கிளம்பியது. 24,000 அடிக்கு ஏறிச் சமன்பட்ட நேரத்தில் முன்கதவுக்குப் பின்னாலிருந்து இறக்கைக்கு முன்பு வரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கூரை மட்டுமல்ல, பக்கச் சுவரும் சேர்ந்து. பயணிகள் திறந்த வெளியில், பெல்ட்டால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்த 95 பேரில் ஒருவர் செத்துப் போனார். நடைவழியில் நின்றுகொண்டிருந்த மூத்த பணிப்பெண் அவர்; 58 வயது. காற்று அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. 65 பேருக்குக் காயம். விமானிகள் இருவரும் அந்தப் பாதி உடலோடு மாவி தீவின் கஹுலுயியில் இறக்கிவிட்டார்கள்.

இதை வைத்து 1990இல் ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள். பெயர் 'மிராக்கிள் லேண்டிங்'. தலைப்பே போதும். வியப்பைத் தரையிறக்கத்தின் மேல் வைத்துவிட்டால், கூரை ஏன் போனது என்பது பின்னணி ஆகிவிடுகிறது. விமானிகளின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீரக்கதைக்கு ஒரு குணம் உண்டு: அது எப்போதும் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் நடக்கும். நமக்கு வேண்டிய கதையோ பத்தொன்பது வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

2

அந்த விமானம் 1969இல் வந்தது. விபத்து நாள்வரை பறந்த நேரம் 35,496 மணி. ஏறி இறங்கிய தடவை 89,680. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், ஒரு பறப்புக்குச் சராசரி 24 நிமிஷம்தான் வருகிறது. தீவுக்குத் தீவு தாவுகிற டவுன்பஸ் அது. உலகத்தில் ஓடிக்கொண்டிருந்த 737களில் ஏறி இறங்கிய கணக்கில் இதற்கு இரண்டாவது இடம்.

ஏன் மணிக்கணக்கை விட்டுவிட்டு ஏறி இறங்கிய கணக்கைப் பார்க்க வேண்டும்? விமானம் மேலே போகும்போது வெளியே காற்றழுத்தம் குறைகிறது. உள்ளே மனிதர்கள் மூச்சுவிட வேண்டும் என்பதற்காகக் காற்றை அடைத்து வைக்கிறார்கள். விமானத்தின் உடல் பலூன்போல லேசாக உப்புகிறது. இறங்கும்போது அடங்குகிறது. ஒவ்வொரு தடவையும் இப்படி. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதே, அதே சங்கதிதான். இதை உலோகச் சோர்வு என்கிறார்கள். முதுமையை இங்கே அளப்பது மூச்சு வாங்கி விட்ட எண்ணிக்கை, காலண்டர் அல்ல. அலோஹாவின் விமானங்கள் போயிங் தன் பராமரிப்புத் திட்டத்தில் நினைத்து வைத்திருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மூச்சு வாங்கின. போதாததற்குக் கடல், உப்பு, ஈரம்.

ஆரம்பகால 737களில் இன்னொரு கோளாறும் இருந்தது. உடலின் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் மூட்டுகளில், ரிவெட் அடிப்பதோடு பசை தோய்த்த துணி ஒன்றையும் நடுவில் வைத்தார்கள். அந்தப் பசைத் துணியைக் குளிரில் பாதுகாத்து, பிறகு அறை வெப்பத்தில் இறுக விட வேண்டும். வேர்த்த பாத்திரம்போல அதில் ஈரம் படிந்தால் பசை பிடிக்காது. பிடிக்காத இடத்தில் ஈரம் புகும், துரு ஏறும், மூட்டு விரியும். பசை சுமக்க வேண்டிய பாரமெல்லாம் ரிவெட்டின் தலையில் விழும். ரிவெட்டுக்காகக் குடைந்த துளையோ ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத தகட்டில், கத்தி விளிம்பு போலக் கூராக இருக்கிறது. வெடிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஒரு துளையில் மட்டுமல்ல, வரிசையாகப் பல துளைகளில், மயிரிழை மயிரிழையாக. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் ஒரே கிழிசல்.

1972இல் இந்த முறையை போயிங் கைவிட்டது. 292ஆவது விமானத்திலிருந்து மூட்டை வேறு விதமாகச் செய்தார்கள். அதற்கு முன் செய்து விற்ற 291 விமானங்கள்? அவை பறந்துகொண்டிருந்தன. நம் விமானம் 152ஆவது.

3

தெரிந்த கோளாறோடு பறக்கிற இயந்திரத்தை எப்படிப் பாதுகாப்பானது என்று சொல்வது? இங்கேதான் கட்டாயச் சோதனை என்கிற ஏற்பாடு வருகிறது. அதன் பின்னாலிருக்கிற கருத்தியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1954இல் பிரிட்டனின் காமெட் விமானங்கள் இரண்டு மூன்று மாத இடைவெளியில் மத்தியதரைக் கடலின்மேல் சிதறிய பிறகு, ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் உடைந்தது. அதற்கப்புறம் வந்த விமானங்களில், ஓர் உறுப்பு போனாலும் பக்கத்து உறுப்பு தாங்கும் என்ற நம்பிக்கையோடு வடிவமைத்தார்கள். 1977 மேயில் ஜாம்பியாவின் லுசாகாவில் ஒரு சரக்கு 707 விமானத்தின் வால் சிறகு கழன்று விழுந்து ஆறு பேர் செத்தபோது அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. பக்கத்து உறுப்பு தாங்கியது, வாஸ்தவம். ஆனால் முதல் உறுப்பு போய்விட்டதை யாரும் பார்க்காதபோது அது எத்தனை நாள் தாங்கும்?

1978இல் அமெரிக்க விதி மாறியது. வெடிப்பு வராது என்று சொல்வதை விட்டுவிட்டு, வெடிப்பு வரும், இருக்கிறது என்றே வைத்துக்கொள், அது ஆபத்தான நீளத்துக்கு வளர்வதற்குள் கண்டுபிடித்துவிடு என்றது புதிய விதி. நேர்மையான பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள். இனி விமானம் பறப்பது தகட்டின் பலத்தால் மட்டுமல்ல, யாரோ ஒருவர் குறித்த காலத்தில் வந்து பார்ப்பார் என்பதன் பலத்தால். பார்க்கிற கண் விமானத்தின் ஓர் உறுப்பாகிவிட்டது. ரிவெட் எப்படியோ அப்படி. அப்படியானால் அந்தக் கண்ணுக்குக் கூலி எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, அது எங்கே பார்க்கலாம், எங்கே பார்க்க வேண்டியதில்லை என்று யார் சொல்வது என்பதெல்லாம் பொறியியல் கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு வரைபடத்தில் இடமில்லை.

4

1987 ஆகஸ்டில் போயிங் ஒரு எச்சரிக்கைச் சுற்றறிக்கையைத் திருத்தி வெளியிட்டது. உடலில் நீளவாக்கில் ஓடும் மூட்டுகளுக்கு எண்கள் உண்டு. எஸ்-4, எஸ்-10, எஸ்-14 ஆகிய மூட்டுகளையெல்லாம் சோதிக்கும்படி அது சொன்னது. ஆனால் கம்பெனியின் சுற்றறிக்கை யோசனைதான், கட்டளை அல்ல. கட்டளையாக்க வேண்டியது எஃப்.ஏ.ஏ. என்கிற அரசு விமான நிர்வாகம். அது வெளியிடுவதற்குப் பெயர் பறப்புத் தகுதி ஆணை. அதன்படி செய்யாத விமானம் பறக்கக் கூடாது. அதே வருஷம் நவம்பரில் அமலுக்கு வந்த 87-21-08 எண் ஆணை, எஸ்-4 மூட்டை மட்டும் கட்டாயமாக்கியது. இடது எஸ்-4, வலது எஸ்-4. முடிந்தது.

மற்ற வரிசைகள் என்ன ஆயின? அவை யோசனைக் கணக்கில் நின்றுபோயின.

இந்த ஆணைகள் ஒரு தனி இலக்கிய வகை. ஒன்றிரண்டைப் படித்துப் பார்த்தால் தெரியும். எந்த விமானம், எந்த இடம், எத்தனை பறப்புக்குள், எந்தக் கருவியால் என்று சொல்லும். கூடவே ஒரு பத்தியில் கணக்கு வரும்: இத்தனை விமானம், ஒவ்வொன்றுக்கும் இத்தனை மனித மணி, மணிக்கு இத்தனை டாலர், மொத்தத்தில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இவ்வளவு செலவு. சோதித்தால் ஆகும் செலவுக்குத் தவறாமல் இடம் உண்டு. சோதிக்காமல் விட்டதற்கு ஆகும் செலவு அந்தப் பத்தியில் ஏறாது. அது யாருடைய கணக்கில் ஏறும் என்று முன்கூட்டித் தெரியாதே. இப்படியொரு வடிவத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறவர், நல்லவராகவே இருந்தாலும், கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'எதை விட்டுவிடலாம்?'

இனி ஹீலோவுக்கு வருகிறேன். அறிக்கையில் ஒரு சின்னப் பத்தி இருக்கிறது. அவசரமாகப் படித்தால் நழுவிவிடும். விபத்துக்குப் பிறகு விசாரித்தபோது ஒரு பெண் பயணி சொன்னது அது. ஏறு பாலத்தின் வழியாக விமானத்துக்குள் நுழைந்தபோது கதவுக்குப் பக்கத்தில், ரிவெட் வரிசையோடு நீளவாக்கில் ஒரு வெடிப்பைப் பார்த்தார். இடது பக்கம், எஸ்-10 மூட்டின் மேல் வரிசை. கிழிசல் அந்தப் பகுதியில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று வாரியம் கருதுகிறது. ஊழியர்கள் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அறிக்கை கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அவருக்குத் துணிச்சல் இல்லை என்று முடித்துவிடுவது அநியாயம். டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கிற ஒருவருக்கு நாம் கொடுத்திருக்கிற இடம் எது? அவர் சுமை. சோதிக்கப்படும் உடல். பார்ப்பதற்கான தகுதி அவருக்கு இல்லை என்பது அவருக்கே தெரியும். 'இத்தனை படிச்சவங்க இருக்காங்க, நமக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாதா' என்று மனசு தானாகச் சொல்லிக்கொள்ளும். நிபுணத்துவம் என்கிற சொல்லாடல் எதிரே இருப்பவர் வாயை அடைப்பதோடு நிற்காது, அவர் கண்ணையே நம்பவிடாமல் செய்துவிடும். இன்னொன்றும் பாருங்கள். ஒவ்வொரு பறப்புக்கும் நடுவில் விமானி இறங்கி வெளியே சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அலோஹாவின் விதிமுறை கேட்கவில்லை. பார்க்கவும் இல்லை. ஆணை பார்க்கச் சொன்னது எஸ்-4. கண்ணில் பட்டது எஸ்-10. அதிகாரபூர்வமாக அந்த வெடிப்பு இருக்கவே இல்லை.

5

தொண்ணூறுகளில் நாமெல்லாம் ஃபூக்கோவைப் படித்தோம். கண்காணிப்பு என்றாலே அதிகாரம், பார்வை என்றாலே ஒடுக்குமுறை என்று சூத்திரமாக ஒப்பித்தோம். பட்டியல் போடுவது, அளப்பது, பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் கண்காணிக்கும் அரசின் கை என்றோம். பள்ளிக்கூடம், சிறை, ஆஸ்பத்திரி விஷயத்தில் அது நமக்கு நிறையவே கற்றுக்கொடுத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு இந்த அறிக்கையை வாசிக்கப் போனால் கை வெறுங்கையாகத் திரும்பும். இங்கே அதிகாரம் பார்ப்பதில் இல்லை. பார்க்காமல் இருப்பதற்கான உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில் இருக்கிறது. எந்த வரிசைவரை பார்வை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று கோடு போடுவதில் இருக்கிறது. நம் நண்பர்கள் சிலர் அரசின் ஒழுங்குமுறை விதிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிராகரிக்கிறபோது, விமானக் கம்பெனிகளின் சங்கமும் அதே நிராகரிப்பை வேறு பாஷையில் பேசிக்கொண்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

ஃபூக்கோ இங்கே உதவுகிற இடம் வேறு. கண்காணிக்கப்படுவது யார் என்று கேளுங்கள். தகட்டுக்குத் தன்னிலை கிடையாது. அது கண்காணிப்பால் பணிந்துபோவதில்லை. பணிய வேண்டியவர் அதைப் பார்க்கிற தொழிலாளி. பகலெல்லாம் விமானம் பறந்து காசு சம்பாதிக்க வேண்டும், ஆகவே சோதனை ராத்திரியில். கொட்டகையில் சாரம் கட்டி ஏறி, ஒரு கையில் பளிச்சென்ற விளக்கு, மின்னோட்டச் சோதனை என்றால் முனையும் மீட்டரும் கூட. உடலின் உச்சிக்குப் போகும்போது சறுக்கி விழாமலிருக்க, கூரைச் சட்டத்திலிருந்து கயிறு கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆணைப்படி கண்ணால் கிட்டத்தில் பார்க்க வேண்டிய ரிவெட்டுகள் ஏறத்தாழ 1,300. ஆயிரத்தில் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. ஒன்றுமில்லாததையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிற கண், ஒன்று இருக்கும்போது அதைப் பார்க்குமா? இதையெல்லாம் அறிக்கையே விவரிக்கிறது; அறிக்கையின் மிகச் சிறந்த பக்கங்கள் இவைதான். பார்த்து முடித்ததும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். சோதனை முடிந்ததும் மிஞ்சுவது அந்தக் கையெழுத்து மட்டுமே. பின்னால் ஏதாவது நடந்தால் அந்தக் காகிதம் தேடிக்கொண்டு வருவது அவரைத்தான்.

நம் விமானத்தை 1987 நவம்பரில் ஆணைப்படி பார்த்தார்கள். வலது எஸ்-4இல் வெடிப்பு கண்டார்கள், பழுது பார்த்தார்கள். கண்ணால் பார்த்ததற்குப் பதிவு இருக்கிறது. மின்னோட்டக் கருவியாலும் சோதித்ததாக ஆய்வாளர் சொன்னதற்குப் பதிவேட்டில் வரி இல்லை. ஐந்து மாதம் கழித்துக் கூரை போனது.

6

அறிக்கையின் முடிவுரைக்கு வருவோம். வாரியத்தின் மரபுப்படி 'காரணமாக இருக்கக்கூடியது' என்று ஒரு கூற்று எழுதுவார்கள். நான் மொழிபெயர்க்கப் போவதில்லை, அதன் எலும்புக்கூட்டை மட்டும் சொல்கிறேன். முதன்மைக் காரணம்: அலோஹாவின் பராமரிப்பு ஏற்பாடு, மூட்டில் ஒட்டு விட்டுப்போனதையும் சோர்வு வெடிப்புகளையும் கண்டுபிடிக்கத் தவறியது. பிறகு 'இவையும் உதவின' என்ற தொடருக்குக் கீழே மற்றவை: கம்பெனி நிர்வாகம் தன் பராமரிப்புப் பிரிவைச் சரியாக மேற்பார்வை செய்யாதது, எஃப்.ஏ.ஏ. அலோஹாவின் ஏற்பாட்டைச் சரியாக எடைபோடாதது. போயிங் சொன்ன எல்லா மூட்டுகளையும் ஆணையில் சேர்க்காதது. பசை மூட்டுக் கோளாறு தெரிந்த பிறகும் அதை அடியோடு முடிவுக்குக் கொண்டுவரும் தீர்வை போயிங்கும் தராதது, எஃப்.ஏ.ஏ.யும் கேட்காதது.

எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. எதையும் மறைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கூற்று கவனிக்கத் தக்கது. எழுவாய் இடத்தில் யார், அடைமொழி இடத்தில் யார் என்று பாருங்கள். காலத்தால் முந்தியது மோசமான மூட்டு. அடுத்தது சுருங்கிய ஆணை. கடைசியில் வருவது ராத்திரி சாரத்தில் நின்ற மனிதர். கூற்று இதைத் தலைகீழாக நிறுத்துகிறது. கடைசியில் பார்க்கத் தவறியவர் முதல் இடத்துக்கு வருகிறார். முதலில் செய்தவர் கூற்றின் வால் நுனியில் தொங்குகிறார். பத்திரிகைகள் கூற்றின் முன்பாதியைத்தான் எடுத்துப் போடும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன?

வாரிய உறுப்பினர் ஒருவர், ஜோசப் நால், இந்த வரிசையை ஏற்கவில்லை. முதல் பழியை விமானக் கம்பெனியின் பராமரிப்பின்மேல் வைப்பதை எதிர்த்துத் தனிக் குறிப்பு எழுதினார். அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அலோஹா ஒன்றும் அப்பாவி அல்ல. பெரிய பராமரிப்பை 52 துண்டாக நறுக்கி ராத்திரிகளில் அடைத்து வைத்தது அந்த நிர்வாகம். விமானங்களை வாரக்கணக்கில் நிறுத்திப் பிரித்துச் சரிசெய்யும்படி போயிங்கின் ஆட்கள் சொன்ன பிறகும் பறக்கவிட்டது. நிறுத்தினால் வருமானம் நிற்கும். ஆனாலும் அந்தத் தனிக் குறிப்பு இருப்பதே ஒரு பெரிய விஷயம். அரசு அறிக்கை ஒன்று தன் பின்னட்டைக்குள் தன்னையே மறுக்கிற ஒரு குரலை வைத்து அச்சிடுகிறது. விசாரணைக் கமிஷன் என்ற பெயரில் நாம் பழகிய பிரதிகளில் இதைத் தேடிப் பாருங்கள்.

7

அலோஹாவுக்குப் பிறகு நிறையச் சட்டம் வந்தது. முதிய விமானங்களுக்கென்று தனித் திட்டம், 1991இல் அதற்கு ஒரு சட்டம், துரு தடுப்புக்கு, பழைய பழுதுகளை மறுபடி எடைபோடுவதற்கு என்று விதிகள். நல்லதுதான். விதி இருந்தால் போதுமா என்று கேட்பவர்களுக்கு 2008இன் கதையைச் சொல்ல வேண்டும்.

சௌத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் தன் பழைய 737களின் உடலில் சோர்வு வெடிப்பு இருக்கிறதா என்று குறித்த இடைவெளியில் பார்க்க வேண்டும் என்பது 2004ஆம் வருஷத்து ஆணை. 46 விமானங்களை அது பார்க்காமலே ஓட்டியது. 2006 ஜூனிலிருந்து 2007 மார்ச் வரை 59,791 பறப்புகள். தவறு தெரிந்ததும் கம்பெனியே முன்வந்து சொல்லிவிட்டது. தானே சொன்னால் தண்டனை இல்லை என்று ஒரு ஏற்பாடு. சொன்ன பிறகும் எட்டு நாள், 1,451 தடவை அதே விமானங்கள் பறந்தன. எஃப்.ஏ.ஏ.யின் மேலதிகாரி ஒருவருக்கு அது தெரியும். பிறகு பார்த்தபோது ஆறு விமானங்களில் வெடிப்பு இருந்தது.

இது வெளியே வந்தது எஃப்.ஏ.ஏ.யின் ஆய்வாளர்கள் இருவரால். அவர்கள் உள்ளே எழுதிப் பார்த்தார்கள், பலனில்லை. 2008 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். விஷயத்தை விட்டுவிடும்படி தங்களுக்கு நெருக்கடி வந்ததையும் சொன்னார்கள். அந்த விசாரணையில் வெளிப்பட்ட ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் எஃப்.ஏ.ஏ. தான் மேற்பார்வை செய்யும் கம்பெனிகளை 'வாடிக்கையாளர்' என்று அழைத்தது. 2003இலிருந்து 'வாடிக்கையாளர் சேவை' என்றே அதற்கு ஒரு திட்டம் இருந்தது. ஆய்வாளர் ஒரு விமானத்தை நிறுத்தச் சொன்னால், அது வாடிக்கையாளர் குறை. புகார் வரும், ஆய்வாளரை மாற்றுவார்கள். அதிகாரம் மாற்றிக்கொண்டது ஒரே ஒரு பெயர்ச்சொல்லைத்தான். மற்றதையெல்லாம் இலக்கணம் பார்த்துக்கொண்டது. 2009இல் கம்பெனி 75 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கொண்டது. நிர்வாகமும் அந்தச் சொல்லை மறுபரிசீலனை செய்து, பறக்கிற பொதுமக்களே வாடிக்கையாளர் என்றது. பயணியை வாடிக்கையாளர் ஆக்குவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஹீலோவில் வெடிப்பைப் பார்த்த பெண்ணும் வாடிக்கையாளர்தான்.

8

கட்டாயச் சோதனை வேண்டும் என்று கோருகிறவர்கள் காலக்கெடுவைப் பற்றியும் பேச வேண்டும். 2002 மே 25 அன்று தைபேயிலிருந்து ஹாங்காங் போன சைனா ஏர்லைன்ஸின் 747, தைவான் ஜலசந்தியின்மேல் சிதறி 225 பேர் செத்தார்கள். 1980இல் தரையிறங்கும்போது வால் தரையில் உரசியிருந்தது. கீறல்களை நீக்காமல், மேலே ஒரு தகட்டை வைத்து மூடிவிட்டார்கள். வெடிப்பு அந்த ஒட்டுத் தகட்டின் அடியில் இருபத்திரண்டு வருஷம் வளர்ந்தது. வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்குத் தெரிவது ஒட்டு மட்டும். பழைய பழுதுகளை எடைபோடும் திட்டத்துக்காக 2001 நவம்பரில் அந்த ஒட்டைப் படம்கூட எடுத்தார்கள். படத்தில் ஒட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத் தடங்கள் இருந்தன. விமானத்தில் சிகரெட் பிடித்த காலத்துப் புகை உள்ளிருந்து வெடிப்பு வழியே கசிந்து படிந்த கறை என்று பின்னால் வாசித்தார்கள். குறி இருந்தது, படம் இருந்தது, படம் கோப்பில் இருந்தது. வாசிக்க ஆள் இல்லை. வாசிக்க வேண்டிய நாளும் வரவில்லை. அந்த மதிப்பீட்டுக்கான எல்லை 22,000 பறப்பு. விமானம் சிதறியது 21,398இல்.

அந்த 22,000 எங்கிருந்து வந்தது? 737க்கு ஒரு எண், 747க்கு ஒரு எண், யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட எண்கள் அவை. 2011இல் அரிசோனாவின்மேல் ஒரு சௌத்வெஸ்ட் 737இன் கூரையில் ஐந்தடி நீளத்துக்குக் கிழிந்தபோது அது ஏறி இறங்கியது 40,000 தடவைக்கும் குறைவு. அந்த இடத்தில் அத்தனை சீக்கிரம் வெடிப்பு வரும் என்று போயிங் எதிர்பார்க்கவில்லை. நான்கு நாளில் அவசர ஆணை வந்தது, 30,000 தடவையிலிருந்தே பார்க்கச் சொல்லி. விசாரணையில் தெரிந்தது: தொழிற்சாலையிலேயே அந்தத் தகட்டை மாற்றிப் பொருத்தியபோது துளைகளைச் சரியாகப் போடவில்லை. எண்ணைக் கணக்கிட்டவர்கள் ஒழுங்காகச் செய்த விமானத்தை வைத்துக் கணக்கிட்டார்கள்.

இந்த எண்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அவசரம் இல்லாத ஆணை என்றால் அமெரிக்காவில் முதலில் வரைவாகத்தான் வெளியிடுவார்கள். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். வந்த கருத்துகளைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோம், ஏற்கவில்லை என்று பதில் எழுதி, இறுதி ஆணையோடு அச்சிடுகிறார்கள். இந்தப் பக்கங்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருகிற வேண்டுகோள் ஒன்று: காலக்கெடுவைக் கொஞ்சம் நீட்டுங்கள், எங்கள் வழக்கமான பராமரிப்போடு சேர்த்துச் செய்துகொள்கிறோம். எழுதுகிறவை விமானக் கம்பெனிகளும் அவற்றின் சங்கங்களும், சில சமயம் விமானம் செய்தவர்களும். விமானிகள் சங்கம் அவ்வப்போது எழுதுகிறது. சாரத்தில் ஏறுகிறவர்களின் குரல் அபூர்வம். பயணிகள் என்று யாரும் எழுதியதாக நான் பார்த்ததில்லை.